விமானிகளின் சீனியாரிட்டி இணைப்பு: ஆல்பா முறையை நம்பலாமா?

இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றாகும்போது விமானிகளுக்கு இரண்டு ஆவணங்கள் தேவைப்படும். ஒன்று, இரு தரப்புக்கும் பொதுவான வேலை ஒப்பந்தம். மற்றது, அத்தனை பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் சீனியாரிட்டி பட்டியல். அமெரிக்காவில் இரு தரப்பும் ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன் என்ற விமானிகள் யூனியனில், அதாவது ஆல்பாவில், இருந்தால் பட்டியலை அதன் இணைப்புக் கொள்கைப்படி போடுகிறார்கள். சந்தா கட்டும் உறுப்பினருக்கு யூனியன் செய்து தரும் வேலைகளில் இதைவிடப் பெரியது வேறில்லை. அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதே இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நடுவர் தீர்ப்பு வரையிலான பகுதி நன்றாகவே ஓடுகிறது. தீர்ப்பு எந்த நாளில், யார் கையெழுத்தில் அமலுக்கு வரும் என்ற இடத்தில்தான் முறை உடைகிறது. 2005இல் யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தபோது அந்த ஒரு விதி சரியில்லாததால் விமானிகள் பத்தாண்டுக்கு மேல் அலைந்தார்கள்.

சீனியாரிட்டி எண்ணுக்கு ஏன் இத்தனை சண்டை? எந்த விமானம் ஓட்டுவது, கேப்டனின் இடது இருக்கையா துணை விமானியின் வலது இருக்கையா, எந்த ஊர் பேஸ், மாத ரோஸ்டரில் எந்த நாள் வீட்டில், தீபாவளி மாதிரியான பண்டிகைக்கு லீவு கிடைக்குமா, எல்லாவற்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கிறது. ஆள் குறைப்பு வந்தால் பட்டியலின் கீழிருந்துதான் அனுப்புவார்கள். வேறு நிறுவனத்துக்குப் போனால் பழைய எண் செல்லாது. இருபது வருட கேப்டனும் புது இடத்தில் கடைசி ஆளாகத்தான் சேர வேண்டும். ஆகவே இணைப்பில் நூறு இடம் கீழே போன விமானிக்கு ஈடுகட்ட வேறு வழியே கிடையாது.

ஆல்பா முறையின் படிகள் எளிமையானவை. இரு தரப்பிலும் ஒரு இணைப்புக் குழு அமைகிறது. முதலில் ஒரு குறிப்பிட்ட தேதியில் யார் எந்த விமானத்தில், எந்தப் பதவியில், எத்தனை வருட சேவையில் இருக்கிறார் என்ற விவரங்களைப் பரிமாறிக்கொண்டு சரிபார்க்கிறார்கள். இந்தத் தேதிதான் உயிர்நாடி. அதற்குப் பிறகு ஒரு தரப்பு ஆள் எடுத்தாலும் பதவி உயர்வு கொடுத்தாலும் அது கணக்கில் சேராது. அடுத்து நேரடிப் பேச்சு, அது முறிந்தால் சமரசம், அதுவும் முறிந்தால் நடுவர் மன்றம். நடுவர் சொல்வது இறுதியானது, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். நிறுவனம் இதில் தலையிடுவதில்லை. தயாரான பட்டியலை வாங்கிக்கொள்வதோடு அதன் பங்கு முடிந்தது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று சின்ன எண்களில் பார்ப்போம். முதல் நிறுவனத்தில் பெரிய விமான கேப்டன்கள் 60 பேர், சிறிய விமான கேப்டன்கள் 240 பேர். இரண்டாவது நிறுவனத்தில் பெரிய விமானமே இல்லை, சிறிய விமான கேப்டன்கள் 80 பேர். பதவி விகித முறையில் முதல் 60 இடமும் முதல் நிறுவனத்துக்கே. அதற்குக் கீழே மூவர் இங்கிருந்து, ஒருவர் அங்கிருந்து என்று கோர்த்துக்கொண்டே போவார்கள். ஃபர்ஸ்ட் ஆபீசர்களுக்கும், அதாவது துணை விமானிகளுக்கும், இப்படியே. இதனால் இணைப்புக்கு முந்தைய நாள் எந்த இருக்கையில் இருந்தாரோ, மறுநாளும் கிட்டத்தட்ட அதே இருக்கை அவருக்குக் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த தேதி முறையில் விகிதத்துக்கே இடமில்லை, தேதியை மட்டும் வரிசைப்படுத்த வேண்டியதுதான். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒரு நிறுவனம் சுருங்கிக்கொண்டே வந்து, மற்றது வேகமாக வளர்ந்திருந்தால், சுருங்கியதில் பதினேழு வருடமாக வலது இருக்கையில் இருப்பவர் வளர்ந்ததில் ஏழாவது வருடத்தில் கேப்டனாகிவிட்டவருக்கு மேலே போய் நிற்பார்.

யு.எஸ். ஏர்வேஸ் விஷயத்தில் நடந்தது இதே மோதல்தான். 2002லும் 2004லும் இருமுறை திவால் பாதுகாப்புக்குப் போன நிறுவனம் அது. கிழக்குத் தரப்பு என்று அழைக்கப்பட்ட அதன் விமானிகள் சுமார் 5,100 பேர். அவர்களில் ஏறக்குறைய 1,700 பேர் ஃபர்லோவில், அதாவது திரும்ப அழைக்கப்படும் உரிமையோடு வீட்டில், இருந்தார்கள். மேற்குத் தரப்பான அமெரிக்கா வெஸ்டில் சுமார் 1,900 பேர். கிழக்கு சேர்ந்த தேதியைத்தான் கேட்டது, கடைசிவரை அதிலிருந்து இறங்கவில்லை. மேற்கு விகித முறை கேட்டது.

நடுவர் ஜார்ஜ் நிக்கலோ 2007 மே மாதம் தீர்ப்பளித்தார். பெரிய விமானங்கள் கிழக்கிடம் மட்டுமே இருந்ததால் முதல் 517 இடங்களைக் கிழக்குக்குக் கொடுத்தார். அதன்கீழ் விகிதம். ஃபர்லோவில் இருந்தவர்கள் எல்லோரும் அடிமட்டத்துக்குப் போனார்கள். பட்டியலின் கீழ்ப்பகுதியைப் பார்த்தால் கோபம் எங்கிருந்து கிளம்பியது என்பது புரியும். பதினாறு, பதினேழு வருடம் சேவை செய்த கிழக்கு விமானியும், சேர்ந்து சில மாதங்களே ஆன மேற்கு விமானியும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தார்கள். நடுவரின் வாதம் வேறு. இணைப்பு இல்லையென்றால் யு.எஸ். ஏர்வேஸே மூடியிருக்கும் ஆபத்து இருந்தது, ஃபர்லோவில் இருந்தவருக்கு இணைப்பு நாளில் இருக்கையே இல்லை, வேலையில் இருப்பவரை வேலையில் இல்லாதவருக்குக் கீழே வைக்க முடியாது என்றார். எங்கள் கணிப்பில் அந்தத் தர்க்கம் சரி. ஆனால் கிழக்குத் தரப்பின் இன்னொரு வாதத்துக்கும் எடை உண்டு: அங்கே வயதானவர்கள் அதிகம், அவர்கள் ஓய்வு பெறும்போது காலியாகும் கேப்டன் இருக்கைகள் எங்களுக்கு வர வேண்டியவை, அதில் மேற்கு விமானிகள் பங்கு கேட்கிறார்கள் என்றார்கள். போதாக்குறைக்கு அதே 2007 டிசம்பரில் ஓய்வு வயது 60இலிருந்து 65ஆக உயர்ந்தது. எதிர்பார்த்த ஓய்வுகள் ஐந்தாண்டு தள்ளிப்போயின.

இப்போது அந்த உடைந்த விதிக்கு வருவோம். 2005இல் இரு தரப்பும் நிறுவனமும் கையெழுத்திட்ட இடைக்கால ஒப்பந்தத்தின்படி, பொது வேலை ஒப்பந்தம் வரும்வரை இரண்டும் தனித்தனியாக இயங்கும், ஒருங்கிணைந்த பட்டியலும் அதுவரை அமலாகாது. அந்தப் பொது ஒப்பந்தத்துக்கு இரு தரப்பும் தனித்தனியாக வாக்களித்து ஒப்புதல் தர வேண்டும். சாதாரணக் காலத்தில் இது சிறுபான்மைக்குப் பாதுகாப்பு. நடுவர் தீர்ப்பில் தோற்ற தரப்புக்கோ இதுவே முழு வீட்டோ. பொது ஒப்பந்தம் வேண்டாம் என்றால் போதும், பட்டியலும் வராது.

கிழக்கு அதைத்தான் செய்தது. அத்தோடு நிற்கவும் இல்லை. யூனியன் தேர்தலை நடத்தும் அரசு அமைப்பான தேசிய மத்தியஸ்த வாரியத்திடம் தேர்தல் கேட்டு, எண்ணிக்கை பலத்தில் 2008 ஏப்ரலில் ஆல்பாவையே வெளியேற்றிவிட்டு, யுசாபா என்ற புதிய யூனியனைக் கொண்டுவந்தது. சேர்ந்த தேதிக் கொள்கை அந்த யூனியனின் சட்ட விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. மேற்கு விமானிகள் வழக்குப் போட்டார்கள். 2009 மே மாதம் ஃபீனிக்ஸில் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பொது ஒப்பந்தமே இன்னும் வராத நிலையில் இந்த வழக்குக்கு நேரம் வரவில்லை என்று 2010இல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வேலையை வேண்டுமென்றே மந்தப்படுத்துவதாக நிறுவனம் தொடுத்த வழக்கில் 2011 செப்டம்பரில் யுசாபாவுக்கு நீதிமன்றத் தடை வந்தது. யூனியன் மேற்குக்குச் செய்தது நியாயமான பிரதிநிதித்துவம் அல்ல என்று அதே ஒன்பதாவது சர்க்யூட் சொன்னபோது 2015 ஜூன் ஆகிவிட்டது. அதற்குள் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் அடுத்த இணைப்பே முடிந்திருந்தது.

இந்தக் காலம் முழுவதும் கிழக்கு விமானிகள் திவால் காலத்துச் சம்பள ஒப்பந்தத்திலேயே கிடந்தார்கள். 2007இல் நிறுவனம் முன்வைத்த பொது ஒப்பந்த யோசனையில் அவர்களுக்குச் சம்பள உயர்வு இருந்தது. அது காகிதத்தோடு நின்றது. ஒரே ஏர்பஸ் ஏ320 விமானத்தை ஒரே சீருடையில் ஓட்டிய இருவருக்கு இரு சம்பள விகிதம், இரு ரோஸ்டர் விதி, இரு பட்டியல். ரேடியோவில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பெயர், அமெரிக்கா வெஸ்டின் பழைய அழைப்புப் பெயரான ‘கேக்டஸ்’. 2009 ஜனவரி 15 அன்று ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானமும் கட்டுப்பாட்டு அறைக்கு ‘கேக்டஸ் 1549’தான். அதை இறக்கிய கேப்டன் சல்லன்பர்கர் கிழக்குத் தரப்பு விமானி. அடுத்த மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியத் திட்டம் பறிபோனதையும் அவர் சொன்னார். வெட்டு திவாலில் வந்தது. அதைச் சரிசெய்யப் பொது ஒப்பந்தம் ஒரு வாய்ப்பாக இருந்தது, சீனியாரிட்டி சண்டை அதை அடைத்துவிட்டது.

அதே ஆல்பா, அதே கொள்கை, டெல்டாவும் நார்த்வெஸ்டும் இணைந்தபோது எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். அங்கேயும் தொடக்கம் மோசம்தான். 2008 தொடக்கத்தில் இரு குழுக்களும் பட்டியலில் உடன்பட முடியாமல் இணைப்பு அறிவிப்பே தள்ளிப்போனது. பிறகு வரிசையை மாற்றினார்கள். சம்பளமும் வேலை விதிகளும் கொண்ட பொது ஒப்பந்தத்தை முதலில் முடித்து 2008 ஆகஸ்டில் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். பட்டியலை நடுவரிடம் விட்டார்கள், அதற்குப் பின் எந்த வாக்கெடுப்பும் கிடையாது. இணைப்பு சட்டப்படி முடிந்தது அக்டோபர் 29. பட்டியல் டிசம்பர் 8 அன்று வந்துவிட்டது. சுமார் 12,000 விமானிகள். வருத்தம் யாருக்கும் இல்லாமல் இல்லை, ஆனால் முடக்கும் சாவி யார் கையிலும் இல்லை. இந்த முறையை இப்படிப் பயன்படுத்தினால் தாராளமாகப் பரிந்துரைப்போம்.

யுனைடெட், கான்டினென்டல் இணைப்பு நடுவாந்தரம். 2010 அக்டோபரில் இணைந்து, பொது ஒப்பந்தம் 2012 டிசம்பரில், பட்டியல் 2013 செப்டம்பரில். மூன்று வருடம் நீண்டது. தாமதத்துக்கு ஈடாக 400 மில்லியன் டாலர் மொத்தத் தொகை வந்ததும், அதை இரு தரப்பும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதே அடுத்த தகராறு ஆனது. இப்படிப்பட்ட தொகை பேசும்போது பங்கீட்டையும் அதே நாளில் எழுதிவிடுவது நல்லது.

இரு தரப்பும் வெவ்வேறு யூனியன் என்றால் ஆல்பா கொள்கை செல்லாது. அங்கே 2007 டிசம்பரில் வந்த மெக்காஸ்கில்–பாண்ட் சட்டம் பொருந்தும். 2001இல் டிடபிள்யூஏ விமான நிறுவனத்தை அமெரிக்கன் வாங்கியபோது அந்த ஊழியர்களில் பெரும்பகுதியைப் பட்டியலின் அடியில் ஒட்டவைத்த அநியாயத்துக்குப் பதிலாக வந்த சட்டம் அது. உடன்பாடு வராவிட்டால் மத்தியஸ்த வாரியம் ஏழு நடுவர்களின் பெயரைத் தரும். இரு தரப்பும் மாறிமாறி ஒவ்வொரு பெயராக அடிப்பார்கள், மிஞ்சுபவர் நடுவர். ஆனால் பேச்சில் உடன்பட்டுவிட்டால் சட்டம் காப்பாற்றாது. 2011இல் சவுத்வெஸ்ட் வாங்கிய ஏர்டிரானின் விமானிகளுக்கு வந்த முதல் உடன்பாட்டை அவர்களுடைய யூனியன் தலைமை உறுப்பினர் வாக்குக்கே அனுப்பாமல் நிராகரித்தது. இரண்டாவதாக வந்தது அதைவிடக் குறைவானது. அதையே நவம்பரில் ஏற்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே 88 போயிங் 717 விமானங்களை டெல்டாவுக்குக் குத்தகைக்கு விடும் முடிவு வந்தது. அந்த விமானங்களின் கேப்டன் இருக்கைகளும் சேர்ந்தே போயின.

இந்தியாவில் இப்படியொரு முறையே இல்லாமல் என்ன ஆகும் என்பதற்கு ஏர் இந்தியா சாட்சி. 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைந்த பிறகும் இரு தரப்பு விமானிகளுக்கும் தனித்தனி சங்கம், தனித்தனி சம்பளம். சமச் சம்பளம் கேட்டு 2011இல் ஒரு தரப்பு வேலைநிறுத்தம். புதிய போயிங் 787 பயிற்சியில் மற்றவருக்கும் இடம் தந்ததை எதிர்த்து 2012இல் இன்னொரு தரப்பு 58 நாள் வேலைநிறுத்தம். இரு தரப்பு ஊழியர்களையும் ஒருங்கிணைப்பது பற்றிப் பரிந்துரைக்க வேண்டிய தர்மாதிகாரி குழு அமைந்ததே 2011இல்தான், இணைந்து நாலு வருடம் கழித்து.

ஆல்பாவும் பாடம் கற்றது. 1991இல் கொள்கையிலிருந்து நீக்கிய சேவைக்கால அம்சத்தை 2009இல் திரும்பச் சேர்த்தது. சேவைக்காலம், பதவி, எதிர்கால வாய்ப்பு மூன்றையும் நடுவர் பார்க்க வேண்டும் என்றது. நல்ல திருத்தம். அடிமட்டத்தில் பதினேழு வருடமும் சில மாதமும் அடுத்தடுத்து வரும் காட்சி இதனால் குறையும். ஆனால் இடைக்கால ஒப்பந்தத்தை அந்தந்த தரப்பே பேசி எழுதுவதால், பழைய ஓட்டை இன்னும் யாருடைய வரைவிலும் நுழையலாம்.

ஆகவே இணைப்பு அறிவிப்பு வந்ததும் உறுப்பினர் கேட்டு வாங்க வேண்டியது இடைக்கால ஒப்பந்தத்தின் வரைவுதான். அதில் பொது ஒப்பந்தத்துக்குக் கெடு தேதி இருக்கிறதா, கெடு தாண்டினால் அதுவும் நடுவரிடம் போகுமா என்று பாருங்கள். விவரம் எடுக்கும் தேதி எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தப் பெரிய விமானத்துக்கு எத்தனை வருடம் வேலி, அதாவது மற்றத் தரப்பு அதில் நுழையாதபடி தடை, அந்த ரக விமானத்தையே நிறுவனம் விற்றுவிட்டால் வேலி என்னாகும் என்பதும் இருக்க வேண்டும். பட்டியல் அமலாவதை இன்னொரு வாக்கெடுப்போடு கட்டும் வரி எங்கேனும் கண்ணில் பட்டால், அதை நீக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று உங்கள் பிரதிநிதியிடம் எழுத்தில் சொல்லுங்கள். நடுவர் தீர்ப்பு வந்த பிறகு அந்த வரியை யாராலும் எடுக்க முடியாது, ஏனென்றால் அதற்குள் அது ஏதோ ஒரு தரப்புக்கு லாபமாகியிருக்கும்.