கார் இல்லாத பாதையில் ஆறு ஆண்டுகள்: நான்த்–ப்ரெஸ்ட் கால்வாய்க்கரை சைக்கிள் அனுபவம்

போன மாதம் ஐந்தாவது செயினைக் கழற்றிப் போட்டேன். ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் முக்கால்வாசி ஒரே கால்வாயின் கரையில்தான்.

பிரான்ஸின் மேற்கு மூலையில், பிரிட்டனிப் பகுதியின் ரென் நகரில் குடியிருக்கிறேன். வாங்கிய புதிதில், சரளைப் பாதைக்கென்று செய்த என் கிரேவல் சைக்கிளைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இப்போது கொஞ்சம் நிதானம் வந்திருக்கிறது. இந்தப் பாதையில் வண்டிப் பயம் கிடையாது, அது நிஜம். ஆனால் அதற்குப் பதில் வேறு சில தொல்லைகள் இருக்கின்றன. அவற்றைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் சொல்வதில்லை.

முதலில் பாதை. நான்த் நகரிலிருந்து ப்ரெஸ்டை நோக்கிப் போகும் இந்தக் கால்வாய் சுமார் 360 கிலோமீட்டர் நீளம். நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயக் கப்பல்கள் ப்ரெஸ்ட் துறைமுகத்தைக் கடலில் மறித்து நின்றன. சரக்கை உள்நாட்டு வழியாகவே கொண்டுபோகலாம் என்று தோண்டத் தொடங்கினார்கள். வேலை முடிந்தபோது ஆண்டு 1842. அதற்குள் நெப்போலியனும் இல்லை, முற்றுகையும் இல்லை. பெயரில்தான் ப்ரெஸ்ட், கால்வாய் அந்த ஊரைத் தொடுவதே இல்லை. ஷாத்தோலேன் என்ற ஊரைத் தாண்டியதும் கடலேற்றம் வந்துபோகும் ஆற்றில் கலந்து முடிந்துவிடுகிறது. பெரும்பகுதி புதிதாக வெட்டியதும் அல்ல, இருக்கிற ஆறுகளையே செப்பனிட்டு இணைத்தது. படகை ஏற்றி இறக்க 230-க்கும் மேற்பட்ட மதகுகள். அந்தக் காலத்தில் கரையோடு நடந்து கயிற்றால் படகை இழுத்துப் போன பாதையில்தான் இன்று நாம் மிதிக்கிறோம்.

இந்த மாதிரிப் பாதைகளுக்கு இங்கே 'வுவா வெர்த்' என்று பெயர். பசுமைவழி என்று வைத்துக்கொள்ளலாம். 2004-லிருந்து பிரெஞ்சு சாலை விதிகளிலேயே இதற்குத் தனி இடம் உண்டு: நடப்பவர், சைக்கிள், குதிரை, மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. மதகு வீட்டில் குடியிருப்பவரின் கார், புல் வெட்டும் டிராக்டர் எப்போதாவது எதிர்ப்படும். ஆறு ஆண்டில் என்னை உண்மையிலேயே பயமுறுத்திய ஒரே வாகனம் புல் வெட்டும் இயந்திரம்தான். வளைவில் திடீரென்று வந்தது. இருவருமே 'பொன்ழூர்' சொல்லிக்கொண்டோம்.

தரை சரளை என்று நினைத்து வருபவர்கள் ஏமாறுவார்கள். பெரும்பாலான இடங்களில் சுண்ணாம்பு கலந்து இறுக்கிய மணல், வெயிலில் சிமென்ட் தரை போல ஓடும். கிரேவல் சைக்கிள் கண்டிப்பாக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது. 2,000 யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், இருபது வருடப் பழைய டூரிங் சைக்கிளில் மட்கார்டும் பின்கேரியரும் மாட்டிக்கொண்டு அதே பாதையில் அதே வேகத்தில் வருகிறார். மழையில் என் முதுகு சேறாகிறது, அவர் முதுகு சுத்தம். இரண்டாம் குளிர்காலத்தில் நானும் மட்கார்டு மாட்டினேன். சைக்கிள் அதன் அழகை இழந்தது, நான் என் ஜாக்கெட்டுகளைக் காப்பாற்றினேன்.

முக்கியமானது டயர்தான். வண்டியோடு வந்த 38 மில்லிமீட்டர் டயரில் ஒரு வருடம் ஓட்டினேன். பிறகு 42-க்கு மாறினேன், டியூப் இல்லாமல், உள்ளே பால் ஊற்றி (ஓட்டை விழுந்தால் தானாக அடைக்கும் திரவத்தைத்தான் பால் என்கிறேன்). என் எடை 74 கிலோ. முன்னால் 30, பின்னால் 34 பி.எஸ்.ஐ. காற்று. அதற்கு மேல் ஏற்றினால் மணிக்கட்டு கெஞ்சும். ஓக்கும் கஷ்கொட்டையும் நிற்கும் இடங்களில் இலையுதிர் காலத்தில் முள்தோல் பாதையெங்கும் கிடக்கும். பால் ஊற்றிய பிறகு வழியில் நின்ற பஞ்சர் இரண்டே இரண்டு. அதில் ஒன்றுக்கு நானே காரணம். பால் நான்கைந்து மாதத்தில் காய்ந்துவிடும் என்பதை மறந்திருந்தேன்.

மழைதான் இந்தப் பாதையின் உண்மையான விலை. பிரிட்டனியின் மழை கொட்டுவதில்லை, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். அந்தத் தூறலில் இறுக்கிய மணல் தோசைமாவாகிவிடும். சக்கரம் அதை அள்ளிச் செயின் மீதும் டிஸ்க் பிரேக் மீதும் பூசும். உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது போல ஒரு சத்தம் வரும். முதல் ஜனவரியில் ரெசின் பிரேக் பேட் ஒரு ஜோடி 400 கிலோமீட்டருக்குள் தீர்ந்தது. உலோகத்தூள் பேட் போட்ட பிறகு குளிர்காலம் முழுக்கத் தாங்குகிறது, சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல். செயினுக்கு எண்ணெயை விட்டுவிட்டு மெழுகுக்கு வந்தது நான் செய்த உருப்படியான காரியம். எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மெழுகு பெரும்பாலும் உதிர்த்துவிடும். ஆனால் தூறலில் நனைந்தால் மறுநாளே மறுபடி மெழுக வேண்டும், இல்லையென்றால் துரு. வீடு திரும்பியதும் குளிப்பதற்கு முன் சைக்கிளைக் கழுவ வேண்டும். உயர் அழுத்தப் பம்பு வேண்டாம், பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். ஒரு வாளி, ஒரு பழைய பிரஷ் போதும்.

எனக்குப் பிடித்த பகுதி ரோவானுக்கும் போந்திவிக்கும் இடையில் இருக்கிறது. 25 கிலோமீட்டருக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட மதகுகள், ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கட்டு போல. ஒவ்வொரு மதகிலும் இரண்டு மூன்று மீட்டர் ஏற்றம், அப்புறம் தட்டை, மறுபடி ஏற்றம். இரண்டு ஆற்றுப் படுகைகளுக்கு நடுவிலுள்ள மேட்டைக் கடக்கிறோம். மேட்டின் உச்சியில் தண்ணீர் தானாக நிற்காதே? அதற்காகவே போஸ்மெலெயாக் நீர்த்தேக்கத்திலிருந்து இல்வெர்ன் வரைக்கும் ஒரு சிறு ஊட்டுவாய்க்கால் வெட்டினார்கள். நேர்க்கோட்டில் பார்த்தால் இருபது கிலோமீட்டரை ஒட்டிய தூரம். வாய்க்காலின் நீளமோ 62 கிலோமீட்டர். சரிவு மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு குன்றின் இடுப்பையும் சுற்றிச் சுற்றிப் போகிறது. இன்று அதன் கரையும் பாதைதான். அரை மணி நேரம் மிதித்த பிறகு எதிர்ச்சரிவில் பார்த்தால் அரை மணி முன்பு கடந்த பண்ணைவீடு, அதே நாய் அங்கிருந்து குரைக்கும். அவசரக்காரர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். நான் மட்டும் வருடத்துக்கு இருமுறை போகிறேன்.

கூட்டம் என்றால் ரெதோனிலிருந்து மாலெத்ருவா வழியாக ஜோஸ்லேன் வரைதான். ஆற்றங்கரையில் மூன்று கோபுரத்தோடு நிற்கும் ஜோஸ்லேன் கோட்டையை எல்லோரும் படம் எடுப்பார்கள், எடுக்கட்டும்.

மேற்கே போகப்போக ஆள் குறையும். போந்திவியைத் தாண்டினால் கெர்லெதான் ஏரி. 1923-க்கும் 1930-க்கும் இடையில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணை, பதினேழு மதகுகளைத் தண்ணீருக்குள் மூழ்கடித்துக் கால்வாயை இரண்டாக வெட்டிவிட்டது. அதோடு கடைசிவரை செல்லும் படகுப் போக்குவரத்து முடிந்தது. நமக்கும் அங்கே கரை அறுந்துபோகும். பழைய ரயில்தடத்தில் போட்ட பசுமைவழிக்கு ஏறிப் போய், போன் ரப்போ மடத்தருகே மறுபடி கால்வாயைப் பிடிக்க வேண்டும். 2015-ல் சீரமைப்புக்காக ஏரியை முழுவதும் வற்றவைத்தபோது பழைய மதகுகளும் மதகு வீடுகளும் சேற்றுக்குள்ளிருந்து வெளியே வந்தன. நான் இந்த ஊருக்கு வந்தது அதற்குப் பிறகு. இன்னமும் ஆதங்கம்தான்.

அதற்கும் மேற்கே குளோமெல். மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு மலையை இருபது மீட்டருக்கும் மேல் ஆழமாக அறுத்த வெட்டு, 1820-களில் கைதிகளைக் கொண்டு வெட்டியது. கோடையிலும் அதற்குள் குளிர். இரு கரையிலும் மரங்கள் கவிந்து, காக்கைச் சத்தம்கூட இல்லாமல் இருக்கும். அந்த இடத்தில் நான் பெடல் மிதிப்பதை நிறுத்திவிடுவேன்.

இனி சோறு தண்ணீர். இந்தப் பாதையில் தோற்பவர்கள் கால் வலியால் தோற்பதில்லை, ரொட்டிக்கடை மூடியிருப்பதால் தோற்கிறார்கள். திங்கட்கிழமை பல கிராமங்களில் பேக்கரி விடுமுறை. மற்ற நாளிலும் மதியம் பன்னிரண்டரைக்கு ஷட்டர் இறங்கினால் மூன்று, நான்கு மணிக்குத்தான் ஏறும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு எதுவுமே இல்லை. முதல் நீண்ட பயணத்தில் ஒரு திங்களன்று மூன்று ஊர்களைச் சுற்றி, கடைசியில் ஒரு மதகு வீட்டு வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டேன். உட்காரவைத்து, உப்பு வெண்ணெய் தடவிய ரொட்டியும் ஆப்பிள் சாறும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அதிலிருந்து முதுகுப் பையில் புளிசாத உருண்டை இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

தண்ணீருக்கு ஒரே விடை கல்லறைத் தோட்டம். தேவாலயமோ ஊர் ஓரமோ, எந்தக் கிராமத்துக் கல்லறையிலும் பூச்செடிக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று பலகை இல்லையென்றால் நான் நிரப்பிக்கொள்கிறேன். 2023 ஆகஸ்டில் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் என்ற 1,200 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம் நடந்தபோது லூதேயாக் பக்கம் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். சாலையோரம் நின்ற இரண்டு பேரில் ஒருவர் மற்றவரிடம், "இங்க தண்ணி எங்கண்ணே கிடைக்கும்?" என்றார். நான் திரும்பி, "சுடுகாட்டுல தம்பி" என்றேன். இரண்டு பேரும் ஒரு கணம் உறைந்துபோனார்கள். பிறகு குழாயைக் காட்டினேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் நான்கு புட்டி நிரம்பியது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தட்டையான பாதை சுலபம் என்பது பாதி உண்மை. இறக்கமே இல்லாததால் கால் ஓய்வதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதற்கும் காரணம் வருவதில்லை. 80 கிலோமீட்டர் மலைச்சாலையில் வராத இடுப்பு வலி, 80 கிலோமீட்டர் கரைப்பாதையில் வரும். சீட்டை இரண்டுமுறை மாற்றினேன், ஹாண்டில்பாரை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினேன். அதைவிடப் பலன் தந்தது வேறொன்று: ஐந்து மதகுக்கு ஒருமுறை இறங்கி, மதகின் கதவுமேல் நடந்து எதிர்க்கரை போய்த் திரும்புவது. சலிப்பும் வரும். நீர், மரம், மதகு, நீர், மரம், மதகு. முதல் வருடம் இதற்காகவே காதில் பாட்டு மாட்டிக்கொள்வேன். இப்போது மாட்டுவதில்லை. மீன்கொத்தி முதலில் கூவும், அப்புறம்தான் கண்ணில் படும். பாட்டைப் போட்டால் அது கிடைக்காது.

செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம். ஞாயிறு காலையில் காட்டோரம் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம், ஆனால் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் சில பகுதிகளில் பழுதுபார்க்கக் கால்வாயை வடித்துவிடுவார்கள். சேற்றில் பழைய டயர், நாற்காலி, ஒருமுறை முழு சைக்கிளே ஒன்று கிடந்தது. வாடையும் அதற்குத் தகுந்தபடி.

வருபவர்களுக்கு: ரென்னிலிருந்து ரெதோனுக்கு வட்டார ரயிலில் முக்கால் மணி நேரம், சைக்கிளோடு ஏறலாம். ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் மட்டும் சைக்கிள் மாட்டும் கொக்கிகள் நிரம்பிவிடும். மேற்கிலிருந்து தொடங்க வேண்டுமானால் கேங்காமிலிருந்து கரேவுக்கு ஒரு குட்டி ரயில் போகிறது. வழியிலுள்ள சில நிலையங்களில் கை காட்டினால்தான் நிற்கும். போந்திவிக்குப் பயணிகள் ரயில் இல்லை, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வேகம் வேண்டுபவர்கள், ஏற்றம் ஏறிக் காட்சி பார்க்க விரும்புபவர்கள் இங்கே வராமல் இருப்பதே நல்லது. எட்டு வயதுப் பிள்ளையோடு வர நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. என் மகள் தனியாக முன்னே ஓட்டிப்போக நான் முதன்முதலில் விட்டது மாலெத்ருவாவுக்கும் ஜோஸ்லேனுக்கும் நடுவில்தான். வளைவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். வளைவுக்கு அப்பாலும் போனாள்.

ஆறாவது செயின் மெழுகில் ஊறிக்கொண்டிருக்கிறது. அக்டோபர் கடைசியில் மறுபடி குளோமெல்.