வீட்டுக் கார் பாதையிலும் கடை வளாகத்திலும் தார்த்தளம்: பல வருடம் புழங்கிய பிறகு

வீட்டு கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரைக்கும், கடை வளாகத்தின் கார் நிறுத்துமிடத்துக்கும் ஒரே குழுதான் தார் போட்டுக் கொடுத்தது. பல கோடையும் பல மழையும் பார்த்தாயிற்று. வீட்டுத் தளம் இன்னும் உறுதியாக இருக்கிறது. வளாகத்தில் லாரி திரும்பும் மூலை மட்டும் முதலைத்தோல் போல வெடித்துப்போனது. அதனால் தார் போட நினைக்கும் யாரிடமும் நான் முதலில் பேசுவது அடித்தளத்தைப் பற்றித்தான்.

வீட்டில் மேல்மண்ணை வழித்தெடுத்து, 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஜல்லிக் கலவை நிரப்பி, அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினார்கள். அதன்மேல் ஆறு சென்டிமீட்டர் தார்க்கலவை. காருக்கு இது தாராளம். வளாகம் முழுவதற்கும் இதே கணக்கையே எடுத்துக்கொண்டார்கள். கார்கள் நிற்கும் பகுதியில் இன்றும் ஒரு குறையில்லை. சரக்கு லாரிக்கு இந்தக் கணக்கு செல்லாது. சக்கர அச்சின் வழியாகத் தளத்தின்மேல் இறங்கும் எடை இரண்டு மடங்கானால் தளத்துக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது சாலைப் பொறியாளர்களின் கணக்கு. லாரி வரும் வழிக்கும் குப்பை வண்டி நிற்கும் இடத்துக்கும் ஜல்லியும் தாரும் கூடுதல் கனத்தில் வேண்டுமென்று தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெடித்த மூலையைச் சரிசெய்ய வந்த ஒருவர், மேலே மெல்லியதாக ஓர் அடுக்கைப் பூசிவிட்டுப் போனார். அடுத்த மழைக்குள் பழைய விரிசல் அப்படியே மேலே ஏறி வந்துவிட்டது. அப்புறம் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, ஈரம் ஊறித் தளர்ந்திருந்த ஜல்லியை அள்ளி வெளியே போட்டு, அடியிலிருந்து புதிதாகச் செய்த பிறகே நின்றது.

தண்ணீர் வாட்டம் அடுத்த முக்கியமான விஷயம். நூறு அடிக்கு இரண்டு அடி சரிவு இருந்தால் மழைநீர் தானாக ஓடிவிடும். ரோலர் கிளம்புவதற்கு முன்பே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட வேண்டும். கலவை ஏறக்குறைய 150 டிகிரி சூட்டில் வந்து இறங்குகிறது. 80 டிகிரிக்குக் கீழே ஆறிவிட்டால் எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது. எங்கள் வளாகத்தில் தாமதமாக வந்த கடைசி லோடு போட்ட பகுதி இன்றும் சொரசொரப்பாகவே இருக்கிறது, கல் உதிர்கிறது.

வெயில் தாரின் பசையை மெல்ல உலர்த்திவிடும். கறுப்பு சாம்பல் நிறமாவது அதனால்தான். சீல் கோட் என்ற மெல்லிய பாதுகாப்புப் பூச்சை மேலே அடித்தால் அந்த வேகம் குறையும். புதுத் தளத்துக்கு ஆறு மாதமாவது இடைவெளி விட்டு அடிப்பது நல்லது. எஞ்சின் ஆயிலும் டீசலும் சொட்டினால் அன்றே துடைத்துவிடுகிறோம், தாரும் பெட்ரோலிய வகை என்பதால் அவை அதை இளக்கிவிடும். கோடையில் பைக்கின் சைட் ஸ்டாண்டுக்கு அடியில் பலகைத்துண்டு வைப்பதும் பழக்கமாகிவிட்டது.

சின்ன விரிசல்களை மழைக்கு முன்பே சூடான ரப்பர் கலந்த தாரால் அடைக்கிறோம். பராமரிப்பில் ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், சீல் கோட்டைத் தள்ளிவைத்து இதைச் செய்வேன்.

வீட்டுத் தளத்தில் ஓரக்கல் இல்லாத பக்கம் மட்டும் விளிம்பு உடையத் தொடங்கியிருக்கிறது. மழைக்கு முன் அங்கே ஓரக்கல் பதிக்கப் போகிறோம்.