ஒரே மனிதர், இரண்டு அடுக்குகள்: டர்பன் பழைய புத்தகக் கடை ஒன்றின் மதிப்புரை

இன்று டாக்டர் யூசுஃப் தாதுவின் பெயரைத் தாங்கும் பழைய கிரே தெருவுக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சிறிய பழைய புத்தகக் கடையில், துருக்கிய வரலாற்றறிஞர் மெஹ்மத் ஃபுவாத் கோப்ருலுவைப் பற்றிய நூல்கள் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். ஐந்து வாரங்களில் இரண்டு நூல்களைக் கடைக்காரர் தேடித் தந்தார். ஒன்று வரலாற்று அடுக்கிலும் மற்றது அரசியல் அடுக்கிலும் இருந்தன. கடையில் நான் காணும் பெரிய குறை இந்தப் பிரிவினைதான். ஏனெனில் அவருடைய வாழ்க்கையை அப்படிப் பிரித்துப் படிக்க முடியாது.

உஸ்மானியப் பேரரசுக்குத் தலைமை அமைச்சர்களைத் தந்த கோப்ருலு குடும்பத்தின் பெயரைத் தாங்கி, 1890இல் இஸ்தான்புல்லில் பிறந்த அவர், சட்டப் படிப்பை முடிக்காமலே விட்டுவிட்டு, இருபத்து மூன்று வயதில் பேராசிரியரானார். அரண்மனைக் கவிதைகளையே இலக்கியமாகக் கருதிய காலத்தில், அஹ்மத் யெசெவி, யூனுஸ் எம்ரே ஆகிய மெய்ஞானக் கவிகளை முன்னிறுத்தி அவர் எழுதிய ஆய்வு, மக்கள் வாயில் வாழ்ந்த பாடல்களும் வரலாற்றுக்குச் சான்றே என்று நிறுவியது. சித்தர் பாடல்களைப் பாட்டி வாய்வழியே கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த இடத்தைத் தாண்டிச் செல்ல நெடுநேரம் ஆயிற்று. உஸ்மானிய அரசின் அமைப்புகள் அதற்கு முன் அங்கே ஆண்ட பைசாந்தியப் பேரரசிடமிருந்து கடன் வாங்கியவை என்ற கருத்தை மறுத்து, அவற்றின் வேர்களை இன்றைய துருக்கியின் பெரும்பகுதியான அனத்தோலியாவின் துருக்கியச் சமூகத்திலேயே தேடியவரும் அவரே.

1935இல் நாடாளுமன்றம் சென்ற அவர், 1945 ஜூனில் செலால் பயார், அத்னான் மெந்தரெஸ், ரெஃபிக் கொரால்தான் ஆகியோருடன் சேர்ந்து, ஆளுங்கட்சிக்குள் ஜனநாயகம் வேண்டும் என்று கோரும் மனுவில் கையெழுத்திட்டார். கட்சி அவரை நீக்கியது. 1946 ஜனவரியில் அந்த நால்வரே ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். 1950இல் அது ஆட்சியைப் பிடித்தபோது அவர் வெளியுறவு அமைச்சரானார். துருக்கி 1952இல் நேட்டோவில் சேர்ந்தது அவர் பொறுப்பிலிருந்த காலத்தில்தான். தாம் தொடங்கிய கட்சியையே 1957இல் அவர் துறந்தார், 1966இல் மறைந்தார்.

அந்தக் கடைசி ஆண்டுகளைப் பற்றிய இடத்தில்தான் அரசியல் நூலில் ஒரு பாரம், அதாவது பதினாறு பக்கங்கள், இல்லை. வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. எனக்கு மிகுந்த வருத்தம். ஆயினும் திரும்பக் கொண்டுபோய்க் காட்டியவுடன் கடைக்காரர் பாதி விலையைத் திருப்பித் தந்ததோடு, வேறொரு பிரதி கிடைத்தால் அந்தப் பக்கங்களை நகலெடுத்துத் தருவதாகவும் கூறினார். இங்கே வாங்குவோர் பணம் கொடுக்கும் முன் பக்க எண்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு நூல்களையும் இனி ஒரே அடுக்கில் வைக்குமாறு நான் கேட்டுக்கொண்டதற்கு, அவர் அப்போதே வரலாற்று அடுக்கில் இடம் ஒதுக்கினார்.