ஏழாம் தலைமுறை ஐ5-இல் லினக்ஸ் மின்ட் 22

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. என் மடிக்கணினியில் இருப்பது இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ5 செயலி. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை. நன்றாக ஓடுகிற பெட்டியைக் காயலான் கடையில் போட மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-க்கு மாறிவிட்டேன், சினமன் என்கிற திரை முகப்போடு.

பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. வைஃபை, ஒலி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வன்தட்டில் கை வைக்கலாம்.

எனக்கு நாள் முழுக்கத் தமிழ்த் தட்டச்சுதான். ஐபஸ்-எம்17என் என்கிற தட்டச்சு மென்பொருள் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு வந்துவிடுகிறது. 'க' விசையை இரண்டு முறை தட்டினால் 'க்க', புள்ளி தானாக விழுகிறது. தொல்லை வேறு இடத்தில். வாடிக்கையாளர்கள் அனுப்பும் வேர்டு கோப்புகள் பெரும்பாலும் லதா எழுத்துருவில் இருக்கும். அது விண்டோஸோடு வருவது, மின்டில் கிடையாது. வேர்டுக்குப் பதில் நான் பயன்படுத்தும் லிப்ரெஆபிஸ் வேறு எழுத்துருவைப் போட்டுக் காட்ட, வரிகள் நகர்ந்து பக்கக் கணக்கே மாறிப்போகிறது. இப்போதெல்லாம் கூடவே ஒரு பிடிஎஃப்பும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பிரிண்டர் செருகியதும் வேலை செய்தது. ஸ்கேனர்தான் படுத்தியது, தயாரித்த புண்ணியவான்கள் லினக்ஸுக்கென்று எதுவுமே தரவில்லை.

மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள் மட்டும் விண்டோஸை முழுதாக அழித்துவிட வேண்டாம், அது லினக்ஸுக்கு வருவதில்லை.