ஸ்லிப் அடிக்கும் ஒட்டோ கியர் பொக்ஸ்: ஓவர்ஹோல் செய்வதா, பஞ்சிகாவத்தையில் வாங்குவதா?

எங்களுடைய 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோல்லா 121, காலையில் டி-க்கு மாற்றிய பின்னும் இரண்டு மூன்று விநாடிகள் அசையாமல் நிற்கத் தொடங்கியபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த சில வாரங்களில், இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறுமிடத்தில் எஞ்சின் மட்டும் உறுமி, வண்டி பின்தங்கியது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னால் வந்த பேருந்துச் சாரதி ஹோர்ன் அடித்து அதை எனக்கு உறுதிப்படுத்தினார். வீட்டுக்கு வந்து கியர் பொக்ஸின் ஒயில் அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்த்தால், சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் சாயத் தேநீர் நிறத்தில், கருகிய வாடையுடன் துணியில் படிந்தது.

வண்டியை விற்றுவிடலாம் என்ற யோசனை ஒரு மாலைக்கு மேல் நீடிக்கவில்லை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும், வரிகளைக் கூட்டிப் பார்த்தால் புதிய வண்டி எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. பழுதான கியர் பொக்ஸுடன் நிற்கும் வண்டியையோ, பழுதுபார்ப்புச் செலவின் இரு மடங்கைக் கழித்துத்தான் விலை கேட்பார்கள். ஆகவே மூன்று வழிகளே எஞ்சின: மெனுவலாக மாற்றுவது, ஜப்பானிலிருந்து கழற்றி வரும் பழைய கியர் பொக்ஸொன்றைக் கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கிப் பொருத்துவது, இருப்பதையே பிரித்து ஓவர்ஹோல் செய்வது. நான் மூன்றாவதைத் தேர்ந்தேன். எழுத்தும் அந்தப் பக்கமே சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மெனுவல் மாற்றத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிளட்ச் பெடல், ஃப்ளைவீல், அரை அச்சுகள், கியர் கேபிள்கள் எல்லாம் வேண்டும். அதற்கு மேல், எஞ்சினையும் கியரையும் ஒரே கணினி நிர்வகிப்பதால், ஒட்டோ பொக்ஸோடு போய்விட்ட சொலினொயிட்களை, அதாவது மின் வால்வுகளை, தேடி அது எச்சரிக்கை விளக்கை எரியவிடும். மலையகத்தில் ஓடும் நண்பரின் வண்டியில் இப்படி மாற்றியதை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே ஏறியது. ஆனால் அரை மணி நேரம் சவாரி செய்ததை அனுபவம் என்று சொல்ல மாட்டேன். தினமும் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய் வருபவருக்கு, காலி வீதி நெரிசலில் இடது கால் படும் பாடே போதிய பதில்.

பஞ்சிகாவத்தை வழியின் கவர்ச்சி வேறு. இரண்டு நாளில் வண்டி கைக்கு வந்துவிடும். செலவும், நான் வாங்கிய மதிப்பீடுகளின்படி, ஓவர்ஹோலின் மூன்றில் இரண்டு பங்குதான். விற்பவர் குறைந்த ஓட்டம் என்பார். அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஜப்பானில் பழைய வண்டிகளின் கட்டாயப் பரிசோதனைச் செலவுக்குப் பயந்து பலர் நல்ல நிலையிலேயே கைவிடுகிறார்கள். ஆனால் என்னைத் தடுத்தது ஓட்டக் கணக்கன்று, உள்ளே இருக்கும் ரப்பரின் வயது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இந்த நான்கு கியர் பொக்ஸில், ஒயில் அழுத்தம் பிஸ்டன்களைத் தள்ளி, கிளட்ச் தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்குகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் இறுகிப்போனால், குளிர்ந்திருக்கும்போது ஒயில் பக்கவாட்டில் கசிந்து, அழுத்தம் ஏறத் தாமதமாகும். காலையில் வண்டி அசையாமல் நின்றதன் காரணம் அதுவே. அரைகுறையாக இறுகிய தட்டுகள் உரசிக் கருகுவது அடுத்த கட்டம். என் கராஜ்காரர் பழைய சீல் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, “வளைச்சுப் பாருங்கோ தம்பி” என்றார். காய்ந்த பனையோலை போல அது முறிந்தது. இருபது வருடம் பழைய இன்னொரு பொக்ஸை வாங்கினால், அதே வயதுச் சீல்களைத்தானே காசு கொடுத்து வாங்குகிறேன்?

என் மைத்துனருக்கு நடந்தது இதுதான். அதே மாதிரி வண்டிக்கு வாங்கிய பழைய பொக்ஸ், விற்பவர் கொடுத்த சோதனைத் தவணை முடிந்து நான்காம் மாதத்தில் காலைத் தாமதத்தைக் காட்டத் தொடங்கியது. மீண்டும் இறக்கி ஏற்றும் கூலி, மீண்டும் புதிய ஒயில், மீண்டும் வாடகை வண்டி. கணக்குக் கூட்டியபோது ஓவர்ஹோலின் செலவைத் தாண்டியிருந்தது. ஒரே ஒருவரின் கதை என்பதால் எல்லாருக்கும் அப்படியாகும் என்று வாதிட மாட்டேன். எனினும், இந்த வேலையில் பெரும் பங்கு கூலிதான் என்பதால், இரண்டாம் முறை இறக்க வேண்டி வருமா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஓவர்ஹோலுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. சீல்கள், உராய்வுத் தட்டுகள், வடிகட்டி எல்லாம் புதிதாகின. எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர் பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டரை வெட்டித் திறந்து, கழுவி, மீண்டும் வெல்ட் செய்தார்கள். இதைத் தவிர்த்துச் செலவைக் குறைக்கும் கராஜ்கள் உண்டு. கருகிய தூள் அதற்குள்ளேயே தங்கிப் புதிய தட்டுகளைத் தின்னும். ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள் ஒயிலைக் குளிர்விக்கும் குழாயையும் அவசியம் கழுவிக்கொள்ளுங்கள். நான் கூடுதலாக ஒரு சிறிய வெளிக் குளிர்விப்பானையும் பொருத்தினேன். நெரிசலில் ஊர்ந்து போகும்போது கன்வேர்ட்டரின் லொக்கப், அதாவது நழுவாமல் நேரடியாகப் பிணைக்கும் கிளட்ச், பிடிப்பதில்லை. உள்ளே ஏற்படும் நழுவல் அத்தனையும் வெப்பமாக ஒயிலில் சேர்கிறது.

ஒயிலில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். இதற்கு உரியது டி-ஃபோர் (T-IV) வகை; எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவதை நான் ஊற்றவில்லை. வடிகட்டும் ஆணியைத் திறந்தால் சுமார் மூன்று லீற்றர்தான் வெளிவரும்; பாதிக்கு மேல் உள்ளேயே நிற்கும் என்பதால், ஒரு முறை மாற்றியதோடு முழுதும் புதிதாகிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

கியர் விகிதங்களைத் தரும் கிரகப் பற்சக்கரங்களோ கிளட்ச் தட்டுகளைத் தாங்கும் டிரம்களோ தேய்ந்துபோன பொக்ஸென்றால் என் கணக்குப் பொருந்தாது. அப்போது பஞ்சிகாவத்தையே மலிவு. ஆனால் வாங்குமுன் அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உலோகத் தூளைப் பிடிக்க அதில் வைத்திருக்கும் காந்தங்களில் மை போன்ற சாம்பல் நிறப் பசை இருந்தால் அது வழமையான தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் செதில்கள் இருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

பத்து மாதத்தில் வண்டி சுமார் 9,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. காலையில் உடனே நகர்கிறது. குளிர்ந்திருக்கும்போது இரண்டாம் கியருக்கு மாறுகையில் மட்டும் ஒரு சிறு அதிர்வு மிச்சமிருக்கிறது. ஒயிலைக் கியருக்கேற்பத் திருப்பிவிடும் வால்வ் தொகுதியின் தேய்மானம் என்கிறார் கராஜ்காரர். அதற்காக மீண்டும் இறக்கப் போவதில்லை.