கடலூரில் எங்கள் கிடங்கு: ஷெட் கட்டித்தந்த நிறுவனமும் அதன் விலைப்புள்ளியும்

கடலூர் முதுநகர்ப் பகுதியில் மணிலாவும் (நிலக்கடலை) முந்திரிக்கொட்டையும் இருப்பு வைப்பதற்காக, 60 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட இரும்புக் கிடங்கு ஒன்றைக் கட்டி முடித்தோம். தூணும் கூரை உத்தரமும் சேர்ந்த இரும்புச் சட்டங்களை ஆலையிலேயே தயாரித்துக் கொண்டுவந்து, இடத்தில் போல்ட் முடுக்கி நிறுத்தும் பி.இ.பி. (ப்ரீ-இன்ஜினியர்டு பில்டிங்) முறை இது. இரண்டு நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கியிருந்தேன். அதிக விலை சொன்னவரிடமே வேலையை ஒப்படைத்தேன். அவர்கள் தாளில் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லியிருந்தார்கள் என்பதே அதற்குக் காரணம்.

இருவருமே உயரம் 20 அடி என்று எழுதியிருந்தனர். ஆனால் குறைந்த விலைக்காரர் குறிப்பிட்டது ‘ஈவ் ஹைட்’, அதாவது கூரையின் பக்கவாட்டு விளிம்பு இருக்கும் உயரம். மற்றவர் குறிப்பிட்டது ‘கிளியர் ஹைட்’, தரையிலிருந்து ராஃப்டரின் (கூரையைத் தாங்கும் சாய்வு உத்தரத்தின்) அடிப்பகுதி வரை மூட்டை அடுக்க உண்மையில் கிடைக்கும் உயரம். தூணோடு சேரும் இடத்தில்தான் ராஃப்டர் மிகவும் தடிமனாக இருக்கும் என்பதால், எங்கள் கட்டடத்தில் இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ இரண்டடி வேறுபாடு வந்தது. கூரைத் தகட்டிலும் இதே கதைதான். 0.50 மி.மீ. என்பது பூச்சையும் சேர்த்த கனமா, உள்ளிருக்கும் இரும்பின் கனம் மட்டுமா என்பதை ஒருவர் எழுதவே இல்லை. பூச்சு சேர்த்து 0.50 என்றால் இரும்பு சுமார் 0.45தான் இருக்கும். தகட்டைத் துருவிலிருந்து காக்கும் கால்வால்யூம் பூச்சில் 55 விழுக்காடு அலுமினியம் இருக்கும் என்பதையும், ‘ஏ.இசட். 150’ என்றால் இருபுறமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு என்பதையும் நாங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனத்தார் எழுத்திலேயே தந்தனர். உப்புக்காற்று வீசும் ஊரில் இதைக் கேட்காமல் தகடு வாங்கக் கூடாது.

ஓட்டு வீட்டில் வளர்ந்த என் தந்தையாருக்கு அவர்களுடைய பொறியாளர் விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. “ஐயா, நீங்கள் கைமரம் என்பதைத்தான் நாங்கள் ராஃப்டர் என்கிறோம், ரீப்பர் ஓட்டைத் தாங்குவதுபோல இங்கே பர்லின் தகட்டைத் தாங்கும், அதே வேலையைச் சுவரில் செய்வது கர்ட்” என்றார். முகட்டுக்கு ரிட்ஜ் என்று பெயர் என்பதை அப்பா தாமே சொல்லிவிட்டார். ‘பே’ என்பது இரண்டு சட்டங்களுக்கு இடைப்பட்ட தூரம்; எங்களுடையது 20 அடி வீதம் ஐந்து பே, ஆகவே ஆறு சட்டங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். எனவே காற்றைப் பற்றித்தான் அதிகம் கேட்டேன். கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றின் விசையைக் கணக்கிடும் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி வினாடிக்கு 50 மீட்டர் அடிப்படைக் காற்று வேகத்துக்குக் கணக்கிட்டிருப்பதாகக் காட்டினார்கள். புயற்காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சும்போது ராஃப்டரின் கீழ்ப்பட்டை அமுக்கத்துக்கு உள்ளாகிப் பக்கவாட்டில் வளையப் பார்க்கும் என்றும், அதைப் பர்லினோடு இழுத்துக் கட்டும் சிறு சாய்வுச் சட்டமே ‘ஃபிளாஞ்ச் பிரேஸ்’ என்றும் விளக்கிய பிறகுதான், மற்ற விலைப்புள்ளியில் அந்த உருப்படியே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் ஷட்டர் வைக்க விரும்பிய ‘பே’யில், கட்டடம் காற்றில் சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பிகள் (பிரேசிங்) வருவதாக வரைபடத்தில் இருந்தது. அந்தக் கம்பிகளை எடுத்துவிட இசையாமல், பிரேசிங்கையே அடுத்த ‘பே’வுக்கு மாற்றி, கணக்கையும் திருத்தித் தந்தனர்.

குறைகளும் உண்டு. விலைப்புள்ளியில் ‘கட்டர்’, அதாவது கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் தகட்டு வாய்க்கால், என்று இருந்தது. அதிலிருந்து மழைநீரைக் கீழே இறக்கும் குழாய் அதில் சேராது என்பதைத் தகடு ஏறிய பிறகே சொன்னார்கள், அதற்குத் தனியே பணம் கொடுக்க நேர்ந்தது. அவ்வளவு சொற்களை விளக்கியவர்கள் இதை விட்டது எனக்கு வருத்தமே. ஐப்பசி மழையில் இரண்டு இடங்களில் ஒழுகியது. திருகாணிகளை மிகையாக முடுக்கியதில் ரப்பர் வாஷர் பிதுங்கியிருந்தது. சொன்ன மூன்றாம் நாள் ஆள் வந்து மாற்றிக் கொடுத்தார்கள், அதற்குக் கட்டணம் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு பக்கத்து மனையில் இன்னொரு கிடங்கு எழுப்ப எண்ணியிருக்கிறோம். அதற்கும் இவர்களிடமே விலைப்புள்ளி கேட்டிருக்கிறேன். இம்முறை மழைநீர்க் குழாயின் விட்டமும் எண்ணிக்கையும் முதல் பக்கத்திலேயே வந்திருக்கின்றன.