பிஎம்டைல்ஸ் கோப்புகளுக்கான கேடி செருகுநிரல்: ஒரு மதிப்பீடு

சொந்த வழங்கியிலிருந்தே வரைபடம் தர விரும்புவோருக்கு, ப்ரோட்டோமேப்ஸ் என்ற திறமூல வரைபடத் திட்டம் கேடி என்னும் இணைய வழங்கி மென்பொருளுக்காக உருவாக்கியுள்ள செருகுநிரலைத் (கூடுதல் வசதி சேர்க்கும் நிரலைத்) தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பிஎம்டைல்ஸ் என்பது ஒரு நிலப்பரப்பின் வரைபடச் சில்லுகள் (வரைபடத்தைப் பிரித்த சிறு சதுரத் துண்டுகள்) அனைத்தையும் ஒரே கோப்பில் அடக்கும் வடிவம். அதன் தொடக்கத்தில் கோப்பைப் பற்றிய விவரங்கள் அடங்கிய 127 பைட் தலைப்பகுதியும், எந்தச் சில்லு எங்கே இருக்கிறது என்று காட்டும் அடைவும் இருப்பதால், தரவுத்தளம் ஏதுமின்றி வேண்டிய துண்டை மட்டும் படித்தெடுக்க முடிகிறது. வட்டில் கிடக்கும் அந்தக் கோப்பை, உலாவியிலுள்ள வரைபட நூலகங்கள் வழக்கமாகக் கேட்கும் முகவரிகளில் சில்லு சில்லாகப் பரிமாறுவதே இச்செருகுநிரலின் வேலை. அதைச் செம்மையாகச் செய்கிறது.

நிறுவுவதுதான் சற்றுச் சிரமம். வழக்கமான கேடியில் இது சேர்க்கப்படாததால், கேடியைச் செருகுநிரல்களோடு சேர்த்து உருவாக்கித் தரும் எக்ஸ்கேடி கருவியைக் கொண்டு நாமே தொகுத்துக்கொள்ள வேண்டும். அமைப்புக் கோப்பில் கோப்புறையின் பாதை, தற்காலிக நினைவகத்தின் அளவு, சில்லுகள் வெளியே கிடைக்கும் பொது முகவரி என மூன்று வரிகள் போதும். நான் முதலில் பொது முகவரியை எழுதாமல் விட்டேன். சில்லுகள் ஒழுங்காக வந்தன, ஆனால் அவற்றை விவரிக்கும் டைல்ஜேசான் கோப்பு மட்டும் கிடைக்கவில்லை, காரணம் புரிய ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று.

முழு உலகத்துக்கான அடிப்படை வரைபடம் 100 ஜிபியைத் தாண்டும். பிஎம்டைல்ஸ் என்றே பெயர்கொண்ட கட்டளைவரிக் கருவியால் தேவையான எல்லையை மட்டும் வெட்டியெடுத்தால், சிறிய வாடகை வழங்கியிலேயே ஒரு மாவட்டத்தின் வரைபடம் தாராளமாக ஓடுகிறது. பாதுகாப்புச் சான்றிதழைக் கேடியே பெற்றுப் புதுப்பித்தும் கொள்கிறது.